குழாய் நுனியைக் காட்டும் காந்தமும் காப்புரிமை வழக்குகளும்

மூக்கு வழியாக இரைப்பைக்குச் செலுத்தப்படும் உணவூட்டும் குழாய், வழிதவறி நுரையீரலுக்குள் போய்விட்டால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அதன் நுனி எங்கே நிற்கிறது என்பதை எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்வது வழக்கம். கதிர்வீச்சு இல்லாமல், படுக்கையருகிலேயே நுனியைத் தொடர்ந்து கண்காணிக்க வழிசெய்வது காந்தப்புலம். உடலின் திசுக்கள் அதைத் தடுப்பதில்லை.

ஒரு முறையில், குழாயின் நுனியில் சிறு நிலைக்காந்தம் வைக்கப்படுகிறது. உடலுக்கு வெளியே பல உணரிகள் அதன் புலத்தை அளக்கின்றன. தூரம் இரு மடங்கானால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இப்படிப் பலவீனமாகும் புலத்தோடு பூமியின் காந்தப்புலமும் சேர்ந்தே பதிவாவதால், அதைக் கழித்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும். நுனி இருக்கும் இடத்தைக் கணினி முதலில் உத்தேசமாக எடுத்துக்கொள்கிறது. நுனி அங்கே இருந்தால் ஒவ்வொரு உணரியும் என்ன காட்டும் என்று கணக்கிட்டு, அளந்த மதிப்போடு ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தும்வரை இடத்தைத் திருத்திக்கொண்டே போகிறது. இத்தகைய ஒரு முறைக்கு லூசன்ட் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1999இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

இன்னொரு முறையில், நோயாளிக்குக் கீழே உள்ள கம்பிச்சுருள்கள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. கதீட்டர் எனும் மென்குழாயின் நுனியிலுள்ள நுண்சுருளில் அது மின்னழுத்தத்தைத் தூண்ட, அந்த அளவைக் கொண்டு இடம் கணிக்கப்படுகிறது. இதயத்தின் மின்னோட்டப் பாதைகளை வரைபடமாக்கும் கார்ட்டோ கருவி இவ்வகையைச் சேர்ந்தது.

காந்தவியல் விதிகள் எவருக்கும் சொந்தமல்ல. அவற்றைப் பயன்படுத்தும் குறிப்பிட்ட அமைப்புக்கே காப்புரிமை கிடைக்கும். அதன் எல்லையை வரையறுப்பவை ஆவணத்தின் உரிமைகோரல்கள். அவற்றில் ஏதேனும் ஒன்றில் சொன்ன உறுப்புகள் அனைத்தும் எதிராளியின் கருவியில் இருந்தால்தான் அது மீறல். ஓர் உறுப்பு வேறாக இருந்தாலும், அதே வேலையை ஏறத்தாழ அதே வழியில் செய்து அதே பலனைத் தருமானால், அமெரிக்க நீதிமன்றங்கள் அதைச் சமமானதாகக் கருதக்கூடும். வழக்குகள் பல இங்கேதான் சிக்கலாகின்றன.

அறுவைக் கருவிகளின் இடம் காட்டும் துறையில் நடந்த மெட்ரானிக் நேவிகேஷன் – பிரெய்ன்லேப் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. அதில் மெட்ரானிக் தரப்பு வலியுறுத்திய ஒரு காப்புரிமை ஒலியால் இடமறிவதைப் பற்றியது. பிரெய்ன்லேப் பயன்படுத்தியது ஒளி. 2005இல் ஜூரி மீறல் என்று கூறி 5 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கியது. 2006இல் நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தார். 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நீதிபதியின் முடிவை உறுதிசெய்தது. எழுதப்பட்ட சொற்களைத் தாண்டி உரிமையை நீட்டுவது எவ்வளவு கடினம் என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

நீண்ட வழக்குகளால் பயனுள்ள கருவிகள் நோயாளிகளைச் சென்றடையத் தாமதமாகலாம். ஆனால் காப்புரிமைக்கு விலையாக நுட்பம் முழுவதும் வெளியிடப்பட வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொதுவாகிறது.