முடி மெலிதல்

முடி மெலிதல் என்பது தலைமுடியின் அடர்த்தி படிப்படியாகக் குறைந்து, உச்சியிலோ வகிட்டிலோ தோல் வெளித்தெரியத் தொடங்கும் நிலையாகும். முடிகளின் எண்ணிக்கை குறைவதாலும், ஒவ்வொரு முடியும் தன் தடிமனை இழப்பதாலும் இது ஏற்படுகிறது. ஆண், பெண் இருபாலாரிடமும் இது காணப்படும். பெரும்பாலும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது எனினும், சிலவேளைகளில் குருதிச்சோகை, தைராய்டுச் சுரப்பிக் கோளாறு முதலியவற்றின் வெளி அடையாளமாகவும் அமையும்.

முடி மெலிதலுக்கெனப் பயோட்டின், துத்தநாகம், இரும்பு, உயிர்ச்சத்து டி போன்றவை அடங்கிய ஊட்டச்சத்து மாத்திரைகள் உலகெங்கும் பெருமளவில் விற்பனையாகின்றன. ஒரு சத்து உடலில் குறைந்ததால் முடி உதிரும்போது, அந்தச் சத்தை ஈடுசெய்தால் முடி மீள வளர்கிறது. குறைபாடு இல்லாதவர்களுக்கு இம்மாத்திரைகள் பயன் தருகின்றன என்பதற்கான சான்று மிகவும் வலுவற்றது. சில சத்துகளோ மிகையானால் தாமே முடியை உதிரச் செய்கின்றன.

முடியின் வளர்ச்சிச் சுழற்சி

மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் புதைந்துள்ள மயிர்க்கால் என்னும் நுண்ணிய பையிலிருந்து முளைக்கிறது. வெளியே தெரியும் முடித்தண்டு கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழையாகும். உயிருள்ள பகுதி மயிர்க்கால் மட்டுமே.

ஒவ்வொரு மயிர்க்காலும் அண்டையிலுள்ளவற்றைச் சாராமல் மூன்று பருவங்களைக் கடக்கிறது. வளர்பருவம் 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். இக்காலத்தில் முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. நீளுகிறது. அடுத்து 2 அல்லது 3 வாரங்கள் மயிர்க்கால் ஒடுங்குகிறது. அதன்பின் ஏறத்தாழ 3 மாதங்கள் ஓய்வுப்பருவம். அதன் இறுதியில் பழைய முடி உதிர, அவ்விடத்தில் புதிய முடி முளைக்கிறது. எந்நேரத்திலும் 85 முதல் 90 விழுக்காடு வரையிலான முடிகள் வளர்பருவத்தில் இருக்கும். எனவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே.

இந்த மூன்று மாத இடைவெளி முடி உதிர்வு பற்றிய பல தவறான முடிவுகளுக்கு ஊற்றாக உள்ளது. மார்ச் மாதத்தில் கடுங்காய்ச்சல் கண்ட ஒருவருக்கு ஜூன் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரலாம். அவர் காய்ச்சலை மறந்துவிட்டு, ஜூன் மாதத்தில் மாற்றிய சவர்க்காரத்தையோ குளித்த உப்புநீரையோ குறை கூறுவார். அச்சமுற்று அவர் மாத்திரை உண்ணத் தொடங்கும் நேரத்தில் மயிர்க்கால்கள் தாமாகவே வளர்பருவத்துக்குத் திரும்பியிருக்கும். சில மாதங்களில் முடி தழைக்கும்போது புகழ் முழுவதும் மாத்திரைக்குச் சேர்கிறது. தம் அனுபவத்தைச் சொல்லி மாத்திரையைப் பரிந்துரைப்பவர்கள் பொய் கூறுவதில்லை. மாத்திரை உண்ணாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை அவர்கள் காண வாய்ப்பில்லை என்பதே சிக்கல்.

காரணங்கள்

மிகப் பரவலான காரணம் மரபுவழி மெலிதல் ஆகும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. மரபணு அடிப்படையில் இதற்கு உணர்திறன் கொண்ட மயிர்க்கால்கள் சுழற்சிக்குச் சுழற்சி சிறுத்து, தடித்த முடிக்குப் பதிலாகப் பூனைமயிர் போன்ற மெல்லிய முடியைத் தருகின்றன. ஆண்களுக்கு நெற்றியோரங்களும் உச்சியும் முதலில் பாதிப்படைகின்றன. பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு பெரிதும் மாறாமல், நடுவகிடு அகன்று செல்லும். பெண்களில் இயக்குநீரின் பங்கு ஆண்களில் உள்ள அளவுக்குத் தெளிவாக நிறுவப்படவில்லை.

இந்த விளக்கம் உருவானதற்கு இரு அவதானிப்புகள் அடிப்படையாயின. அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையும் முன் விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கப்பட்டபோது மரபுவழி நாட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் விழுந்தது என்றும் 1942 இல் எழுதினார். பின்னர் 1974 இல் ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லியும் அவரது குழுவினரும் டொமினிக்கன் குடியரசில் மேற்கூறிய நொதி குறைபாடாகப் பிறந்தவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் ஆண்களாக வளர்ந்தவர்களின் நெற்றிமுடி பின்வாங்கவில்லை. இந்நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு மருந்து இவ்வழியில் பிறந்ததே. மரபுவழி மெலிதல் ஊட்டச்சத்துக் குறைவால் வருவதன்று. நன்றாக உண்பவருக்கும் இது வரும்.

இரண்டாவது வகை, ஓய்வுப்பருவ முடி உதிர்வு. இதனை 1961 இல் ஆல்பர்ட் கிளிக்மன் விரிவாக விளக்கினார். கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, மிகக் கடுமையான பத்திய உணவு, பெரும் மனவழுத்தம் ஆகியவற்றால் வளர்பருவத்தில் இருந்த முடிகள் பெருந்தொகையாக ஒரே நேரத்தில் ஓய்வுக்குச் செல்கின்றன. 2 அல்லது 3 மாதங்களின் பின் அவை சேர்ந்தே உதிர்கின்றன. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் நோயிலிருந்து மீண்ட பலரிடம் இவ்வகை உதிர்வு காணப்பட்டது. தூண்டுதல் நீங்கினால், வழக்கமாக 6 மாதங்களுக்குள் உதிர்வு நின்று முடி மீளும்.

வட்டவட்டமாக முடி கொட்டும் நிலை தமிழில் புழுவெட்டு எனப்படுகிறது. பெயர் எவ்வாறிருப்பினும் இதில் புழு எதுவுமில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் இது உண்டாகிறது. பூஞ்சைத் தொற்று, சில மருந்துகள், இறுக்கிப் பின்னும் சடை ஆகியவையும் முடியை மெலியச் செய்யும்.

ஊட்டச்சத்துக் குறைபாடு

மயிர்க்காலின் உயிரணுக்கள் உடலில் மிக விரைவாகப் பிரியும் உயிரணுக்களுள் அடங்கும். உணவு குறையும்போது உடல் முதலில் சிக்கனம் காட்டும் இடங்களில் முடியும் ஒன்று. புரதக் குறைபாட்டு நோயான குவாசியோர்கரில் இதைக் கண்ணாலேயே காணலாம். நோயுற்ற குழந்தையின் முடி நிறம் வெளிறி எளிதில் பிடுங்கி வரும். நல்ல உணவு கிடைத்த காலமும் கிடைக்காத காலமும் மாறி மாறி வந்திருந்தால், ஒரே முடியில் கருமையும் வெளிறலும் பட்டை பட்டையாகத் தோன்றும். மருத்துவர்கள் இதனைக் கொடிக்குறி என்பர்.

இரும்புச்சத்துக் குறைவு இன்றைய நாளில் இன்னும் பரவலானது. இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். உடலின் இரும்புச் சேமிப்பை ஃபெரிட்டின் என்னும் புரதத்தின் அளவு காட்டுகிறது. சோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருப்பது முடியை உதிரச் செய்யுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சோகை இருப்பின் முடிக்காக மட்டுமன்றி உடலுக்காகவே அதனைக் குணப்படுத்த வேண்டும். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. தலசீமியாக் கூறு உடையவர்கள் தேவையின்றி இரும்பு உண்டால் அது உடலில் தேங்கக்கூடும். தேநீருடன் உட்கொண்டால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். எலுமிச்சை, நெல்லி போன்ற உயிர்ச்சத்து சி நிறைந்தவற்றுடன் உட்கொண்டால் கூடும்.

துத்தநாகக் குறைவும் முடியை உதிரச் செய்யும். ஆனால் துத்தநாகத்தை நெடுங்காலம் மிகையாக உட்கொண்டால் அது செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுத்துச் சோகையை உண்டாக்கும். உயிர்ச்சத்து டி குறைவுக்கும் முடி உதிர்வுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறினும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை.

பயோட்டின்

முடிக்கெனப் பெரிதும் விளம்பரப்படுத்தப்படும் சத்து பயோட்டின் ஆகும். இது உயிர்ச்சத்து பி7 எனவும் அழைக்கப்படுகிறது. பச்சை முட்டை வெள்ளைக்கருவை உணவாகக் கொடுத்த எலிகளுக்குத் தோல் அழற்சியும் முடி உதிர்வும் ஏற்பட்டதை மார்கரெட் போவாஸ் 1927 இல் பதிவு செய்தார். வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டினைப் பற்றிக்கொள்வதே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. இச்சத்தை ஆராய்ந்த பால் கியோர்கி இதற்கு உயிர்ச்சத்து எச் என்று பெயரிட்டார். முடியையும் தோலையும் குறிக்கும் இடாய்ச்சு மொழிச் சொற்கள் இரண்டும் அவ்வெழுத்தில் தொடங்குகின்றன. முடிக்கும் பயோட்டினுக்குமான தொடர்பு இவ்வாறு பெயரிலேயே பதிந்துவிட்டது.

வயது வந்தவருக்கு நாளொன்றுக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம் மட்டுமே. முட்டை மஞ்சட்கரு, ஈரல், கொட்டைகள், பருப்புகள் ஆகியவற்றிலிருந்து இது எளிதில் கிடைக்கிறது. கடையில் கிடைக்கும் மாத்திரைகளிலோ 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் உள்ளது. அதாவது தேவையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. பிறவி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகள் போன்ற அரிதான சிலருக்கு இது உண்மையிலேயே முடியை மீட்கும் மருந்தாகும். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் பயன்பட்டதாக அதுவரை வெளியான நேர்வுகளைத் திரட்டிய 2017 ஆம் ஆண்டின் மீளாய்வு ஒன்று 18 நேர்வுகளைக் கண்டது. அவை அனைத்திலும் நோயாளிக்கு ஏதேனும் ஓர் அடிப்படைக் கோளாறு இருந்தது. நலமுள்ளவர்களுக்குப் பயன் உண்டு என்று கூறப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

பயனில்லாவிடினும் தீங்கில்லை என்று கருதி இதனை உண்போர் பலர். அக்கருத்து முற்றிலும் சரியன்று. ஆய்வுகூடங்களில் நடைபெறும் பல குருதிச் சோதனைகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதமும் ஒன்றையொன்று இறுகப் பற்றும் இயல்பைப் பயன்படுத்துகின்றன. குருதியிலேயே பயோட்டின் மிகுந்திருந்தால் சோதனை முடிவு பிழையாகும். தைராய்டுச் சோதனையில், நோயில்லாதவருக்குச் சுரப்பு மிகையாக உள்ளதாகத் தோன்றலாம். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டப்படலாம். ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரித்தது. ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டியதைத் தொடர்ந்து ஒருவர் இறந்த தகவலையும் அதில் குறிப்பிட்டது. 2019 இல் எச்சரிக்கை புதுப்பிக்கப்பட்டது. முடி உதிர்வுக்காக மருத்துவரிடம் செல்பவருக்கு முதலில் செய்யப்படும் சோதனைகளுள் தைராய்டுச் சோதனையும் ஒன்று என்பதால், இப்பிழை அவர்களையே எளிதில் பாதிக்கும். சோதனைக்குக் குறைந்தது 2 நாட்கள் முன்பே பயோட்டினை நிறுத்துமாறு அமெரிக்க தைராய்டுச் சங்கம் அறிவுறுத்துகிறது. மிக அதிக அளவில் உண்பவர்களுக்குக் கூடுதல் நாட்கள் தேவைப்படலாம்.

மிகையால் விளையும் முடி உதிர்வு

செலினியம், உயிர்ச்சத்து ஏ ஆகிய இரண்டும் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் முடி உதிரும். சீனாவின் ஹுபெய் மாகாணத்திலுள்ள என்ஷி பகுதியில், செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த உணவை உண்ட ஊரார் 1960களின் தொடக்கத்தில் முடியையும் நகங்களையும் இழந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் 2008 இல் விற்கப்பட்ட நீர்ம ஊட்டச்சத்துப் பொருளொன்றில், தயாரிப்புப் பிழையால், சிட்டையில் அச்சிட்டதைப் போல் 200 மடங்கு செலினியம் இருந்தது. 201 பேர் பாதிப்படைந்தனர்; அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் முடி உதிர்ந்தது. முடிக்கான மாத்திரை ஒன்றும் பல்சத்து மாத்திரை ஒன்றும் சேர்த்து உண்பவர் இவ்விரு சத்துகளையும் இருமுறை பெறுகிறார் என்பதைச் சிட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அறியலாம்.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊட்டச்சத்துப் பொருட்கள் விற்பனைக்கு வருமுன் அவற்றின் பயனை அரசிடம் நிறுவிக்காட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் இவை மருந்துச் சட்டத்தின் கீழன்றி, 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அடங்குகின்றன. மருந்துகளுக்கான 1945 ஆம் ஆண்டின் விதிகளிலோ, குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாத நோய்களின் பட்டியலில் வழுக்கையும் இடம்பெற்றுள்ளது. ஊட்டச்சத்துப் பெட்டிகளில் "குணமாக்கும்" என்ற சொல்லைத் தவிர்த்து "துணைபுரியும்" என்ற சொல் மிகுதியாகக் காணப்படுவதை இப்பின்னணியில் நோக்கலாம்.

மாத்திரை தேவையா எனத் தீர்மானித்தல்

முதலில் மெலிதலின் வகையை அறிய வேண்டும். திடீரெனத் தலை முழுவதும் உதிர்ந்தால், முந்தைய 2 முதல் 4 மாதங்களில் நிகழ்ந்ததை நினைவுகூர்வது நல்ல தொடக்கமாகும். ஆண்டுக்கணக்கில் மெல்ல அடர்த்தி குறைந்து, குடும்பத்திலும் அவ்வாறு இருந்தால் மரபுவழி மெலிதலாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. குருதி அணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய சோதனைகளின் முடிவு கைக்கு வந்தபின் குறைந்திருக்கும் சத்தை மட்டும் உட்கொள்வது, இருபது சத்துகள் அடங்கிய மாத்திரையைவிடப் பெரும்பாலும் மலிவானது. எதை முயன்றாலும் ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிட்டில் மாதந்தோறும் படமெடுத்து, 6 மாதங்களுக்குப் பின் ஒப்பிட வேண்டும். சீப்பில் சேரும் முடியை நாள்தோறும் எண்ணுவது மனக்கலக்கத்தையே வளர்க்கும். தோலில் வலி, சிவப்பு, தழும்பு தோன்றினால் காத்திராமல் தோல் மருத்துவரை நாட வேண்டும். தழும்புற்ற மயிர்க்கால் மீள்வதில்லை.

மருந்துகளும் பிற வழிகளும்

மரபுவழி மெலிதலுக்கு நன்கு ஆராயப்பட்ட மருந்துகள் இரண்டு. மினாக்சிடில் முதலில் உயர் குருதி அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. அதை உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததால் தலையில் பூசும் நீர்மமாக்கப்பட்டு, 1988 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு சற்றுக் கூடுவதுண்டு. அதைக் கண்டு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். ஃபினாஸ்டிரைடு 1997 இல் ஆண்களுக்கு ஏற்கப்பட்டது. சிலருக்குப் பாலியல் சார்ந்த பக்கவிளைவுகளும் மனச்சோர்வும் ஏற்படலாம்; கருவிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளக் கூடாது. இவ்விரு மருந்துகளையும் நிறுத்தினால் பெற்ற பயன் சில மாதங்களில் மறைந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் முடித்தண்டினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதை நடத்தியவர்கள் எண்ணெய் நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள். முடி முறிவதைத் தடுக்க எண்ணெய் உதவலாம். சிறுத்துப்போன மயிர்க்காலை அது பெருக்காது.

முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளல், மழித்தல், நிறத்தூள், பொய்முடி ஆகியவற்றைப் பலர் மனநிறைவுடன் தெரிவு செய்கின்றனர். இளம் வயதினருக்கும் பெண்களுக்கும் முடி மெலிதல் கூச்சத்தையும் மனச்சோர்வையும் தருவதுண்டு. இதனை வெறும் அழகுக் கவலை என ஒதுக்குவது பொருத்தமன்று. முடி நடும் அறுவையைப் பற்றி யப்பானில் ஷோஜி ஒக்குடா 1939 இலும், நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1959 இலும் எழுதினர். பிடரிப் பகுதி முடி, இடம் மாற்றி நட்டாலும் தன் பழைய இயல்பையே தக்கவைத்துக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. நட்ட முடி நிலைத்து நிற்க, அதைச் சூழ்ந்த பழைய முடி தொடர்ந்து மெலியலாம் என்பதால், அறுவைக்குப் பின்னும் மேற்கூறிய மருந்துகளைத் தொடருமாறு பெரும்பாலும் அறிவுறுத்தப்படுகிறது.