பழைய காரின் மைலேஜ்: பங்க்கில் போகிறதா, பிரேக்கில் போகிறதா?

மாருதி 800, பழைய ஆல்டோ, சான்ட்ரோ வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் இறங்கியதும் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான். "முன்னெல்லாம் லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்துச்சு, இப்போ பதிமூணைத் தாண்ட மாட்டேங்குது." எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டால், ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டோம், ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டினோம் என்பார்கள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பங்க்காரரிடமும் சண்டை போட முடியாது, மெக்கானிக்கிடமும் நியாயம் கேட்க முடியாது.

ஃபுல் டேங்க் கணக்கு ஒன்றே செல்லும். நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டரை ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதேபோல் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஏறிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும். ஒரு முறை போதாது, மூன்று நான்கு முறை பாருங்கள். பில்லில் உள்ள எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அன்றைக்கே படம் எடுத்து வைப்பது நல்லது. டேஷ்போர்டில் கிடக்கும் இந்தச் சிறு நோட்டுதான் பின்னால் நுகர்வோர் ஆணையம்வரை போக நேர்ந்தால் உங்கள் ஆதாரம்.

இனி, காருக்குள் பெட்ரோல் எங்கே போகிறது என்று பார்ப்போம். பலர் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கார்புரேட்டர் வண்டியில் அடைத்த ஏர் ஃபில்டர் மைலேஜை நன்றாகவே தின்னும். இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ குறைந்த காற்றுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். இழுவை குறையுமே தவிர மைலேஜ் பெரிதாக விழாது.

நான் முதலில் சந்தேகப்படுவது பிரேக்கை. பத்துப் பதினைந்து வருட வண்டியில் காலிப்பர் பின் துருவேறியோ, பின்சக்கரத்து வீல் சிலிண்டர் இறுகியோ, பிரேக் முழுதாக விடாமல் லேசாகப் பிடித்தபடியே ஓடும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. அதிகம் பிரேக் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் ரிம் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கேதான் பெட்ரோல் எரிகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒரு கைவைத்தியம். வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால், "நம்ம வெயிலுக்கு இது வேண்டாம் சார்" என்று தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. வால்வு இல்லாத இன்ஜின், நெடுஞ்சாலையில் காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது தனக்குத் தேவையான சூட்டை எட்டவே எட்டாது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணும் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தால் இதைக் கேளுங்கள். சில நூறு ரூபாய் வால்வு. அது கழற்றப்பட்டிருந்தால் வண்டி சூடானதற்கான உண்மைக் காரணம், அடைத்த ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோ, அப்படியே உள்ளே இருக்கிறது என்றும் பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும் இதே கதைதான். செக் இன்ஜின் விளக்கு மாதக்கணக்கில் எரிந்தபடி ஓட்டுபவர்கள் பெட்ரோலுக்குக் கொடுக்கும் பணத்தில் சென்சாரையே வாங்கியிருக்கலாம்.

டயர் காற்றை டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டியே இருக்கும். மைலேஜுக்காக 40 வைக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும், டயர் நடுவில் தேய்ந்துபோகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மைலேஜ் குறைந்திருந்தால், ஒரு பங்கு எத்தனாலுக்குப் போகிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. லிட்டருக்குப் பதினாறு கொடுத்த வண்டி பதினைந்துக்கு வந்தால் வியப்பில்லை. பதினொன்றுக்கு வந்தால் எத்தனாலைப் பழிக்காதீர்கள், வண்டியைப் பாருங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டதால், இப்போதைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. மைலேஜைவிட எனக்குக் கவலை தருவது ரப்பர் குழாய்கள். பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் ரப்பர் வாஷர்களையும் எத்தனால் மெல்ல இறுகச் செய்து வெடிப்பு விட வைக்கும். பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் தள்ளிப்போடாமல் ஹோஸை மாற்றுங்கள். சூடான இன்ஜின்மேல் சொட்டும் பெட்ரோல் தீ விபத்தில்தான் போய் முடியும்.

பங்க்கில் அளவு குறைகிறது என்ற சந்தேகம் ஆதாரமில்லாத பயமல்ல. 2017-இல் லக்னோவில் நடந்த சோதனையில், ரிமோட்டால் இயங்கும் சிப்பை இயந்திரத்துக்குள் வைத்து அளவைக் குறைத்த பங்க்குகள் பிடிபட்டன. ஆனால் நூறு ரூபாய்க்குப் பதில் நூற்றுப் பத்து ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பது வெறும் நம்பிக்கை. உங்களுக்கு இருக்கும் உரிமை வேறு. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலன் இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் கண்முன் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிவரை கூடக் குறைய இருப்பதை அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் குறைந்தால் குற்றம். தரத்தில் சந்தேகம் என்றால் ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்கலாம். காற்று, குடிநீர், கழிப்பறை, முதலுதவி, பில், புகார்ப் புத்தகம் எல்லாமே இலவசமாகத் தர வேண்டியவை. கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வாருங்கள் என்பார்கள். அந்தப் பதிலையே புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள்.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். "35 லிட்டர் டேங்கில் 38 லிட்டர் போட்டதாக பில் வந்தது" என்பது மோசடிக்கு ஆதாரமாகாது. கையேட்டில் உள்ள கொள்ளளவு ஆவி விரிவுக்கு இடம் விட்டுச் சொல்லப்படுவது. வாய்வரை நிரப்பினால் அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று வாங்கப்படும் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோஸில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் திரவம், டேஷ்போர்டுக்கு அடியில் செருகினால் விளக்கு மினுக்கும் டப்பா. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது. மிகச் சிலவற்றில் மட்டும், அதுவும் அற்பப் பலனே தெரிந்தது. மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னதையே நம்பிய ஊர் நம்முடையது. அந்த மூலிகைப் பெட்ரோல் வழக்கில் 2016-இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது நினைவிருக்கலாம். பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க முடியும்.

உண்மையில் ஆபத்தானவை இரண்டு. அங்கீகாரமில்லாத கேஸ் கிட் மாட்டி, வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பி ஓட்டுவது முதலாவது. வீட்டு சிலிண்டரை வாகனத்துக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். ஆர்.சி.யில் பதியாத கேஸ் கிட்டோடு விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும். இரண்டாவது, இறக்கத்தில் நியூட்ரல் போடுவது. இன்ஜெக்‌ஷன் காரில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் அநேகமாக நின்றேவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குச் செலவாகும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறங்கினால், பாரம் முழுவதையும் பிரேக்தான் தாங்கவேண்டும். அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இன்ஜினையே அணைத்துவிட்டாலோ, பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. சாவியை முழுதாகத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. அளவு குறைந்த புகாரை மாவட்டத்தில் உள்ள அதன் அலுவலகத்திலும் கொடுக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். மாற்றாத சென்சாருக்கு பில் போட்டால் அது சேவைக் குறைபாடு. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டாண்டுகளுக்குள் மனு போடலாம். பங்க் புகாரில் தேதி, நேரம், பில் எண் இவற்றோடு எந்த நாசிலில் பிடித்தது என்பதையும் எழுதுங்கள். ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அந்த நாசிலைத்தான்.