சம்பளம் கூடினால் வீட்டில் சந்தோஷமும் கூடுமா?

"காசு இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள் சிலர். "தோட்டத்துல இருந்தப்போ கையில காசு இல்ல, ஆனா நிம்மதி இருந்துச்சு" என்பார்கள் வேறு சிலர். ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ, ஒரே வீட்டிலேயே இந்த இரண்டு பேச்சையும் நீங்கள் கேட்டிருக்கலாம்.

இதில் எது சரி? இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாததால்தான் பல வீடுகளில் சம்பள நாளே சண்டை நாளாகிவிடுகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் ஆகிய இருவரும் அமெரிக்கர்களிடையே செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றது அது. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் இதை மறுத்தார். பிறகு இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்த்து, 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்.

பெரும்பாலோருக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடவே செய்கிறது. ஆனால் ஏற்கெனவே மனவேதனையில் இருக்கும் 20 விழுக்காட்டினருக்கு, ஒரு கட்டத்துக்கு மேல் பணம் உதவுவதில்லை. பணத்தால் தீராத துக்கம் அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே தொகையைவிட விழுக்காடுதான் முக்கியம். மாதம் 1,700 வெள்ளி வாங்குபவருக்கு 170 வெள்ளி கூடினால் வீட்டில் பெரிய மாற்றம் தெரியும். 17,000 வெள்ளி வாங்குபவருக்கு அதே மாற்றம் தெரிய 1,700 வெள்ளி கூட வேண்டும். ஆகவே, "காசு முக்கியமில்ல" என்ற அறிவுரையைக் குறைந்த சம்பளக்காரரிடம் சொல்வது நியாயமில்லை.

தோட்டத்தில் நிம்மதி இருந்தது உண்மையா?

பேராக் தோட்டங்களில் சம்பளம் குறைவு. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. மரம் வெட்டாத நாளில் கூலியும் இல்லை. மளிகைக் கடையில் கடன், சில வீடுகளில் கள்ளுக்கடையில் கரைந்த கூலி, அதனால் அடிபட்ட பெண்கள். இதையெல்லாம் மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ முடியாது.

ஆனால் அங்கே பல தேவைகளுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. லயத்து வீடு வேலையோடு வந்தது. ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. கல்யாணமோ சாவோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோதும், வேலையோடு வீடும் போனது. பட்டணத்துக்கு வந்த பிறகு வாடகை, தண்ணீர், மின்சாரம், பிள்ளை பார்ப்பவர், மோட்டார் சைக்கிள் தவணை என ஒவ்வொன்றும் தனித்தனி பில்லானது.

இன்றைய குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ பிடித்தமும் போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. தாத்தா காலத்துக் கூலியோடு ஒப்பிட்டால் தொகை பெரிதுதான். ஆனால் தாத்தா காசு கொடுக்காமல் பெற்றதையெல்லாம் இந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும். வருமானம் கூடியும் நிம்மதி கூடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பத்து வெள்ளி சொன்ன பாடம்

1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வரும் நிலை உருவானது. அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டுக்கொண்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பிறகு அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது.

அன்றைக்கு ஒரு தொழிலாளிக்கு 10 வெள்ளி சின்னக் காசு இல்லை. தனி ஆளிடம் இருந்தால் ஒரு வாரச் செலவில் கரைந்திருக்கும். பலர் நம்பிக்கையோடு சேர்த்துப் போட்டபோது அது வேலைக்கும் கூரைக்கும் காப்பானது. பணமும் உறவும் ஒன்றையொன்று தாங்கி நின்ற உதாரணம் இது.

உறவு எங்கே உடைகிறது?

சம்பளம் குறைவு என்பதைவிட, மறைத்த கடன்தான் குடும்பத்தை அதிகம் உலுக்குகிறது. கணவருக்குத் தெரியாமல் அடகு வைத்த நகை, மனைவிக்குத் தெரியாமல் ஆலோங்கிடம் வாங்கிய பணம். தெரியவரும் நாளில், "எவ்வளவு" என்பதைவிட "ஏன் என்கிட்ட சொல்லல" என்ற கேள்விதான் ஆழமாகக் குத்துகிறது.

அடுத்தது ஜாமீன் கையெழுத்து. மச்சானுக்காகப் போட்ட கையெழுத்து என்றாலும், அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும். மூன்றாவது, தூரம். சிங்கப்பூரில் வேலை செய்து வாரக் கடைசியில் மட்டும் ஈப்போ வரும் அப்பா, பணத்தை அனுப்பிவிடலாம். பிள்ளையோடு இருக்கும் நேரத்தை அனுப்ப முடியாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938 முதல் நடத்திவரும் நீண்ட ஆய்வும், முதுமையில் உடல்நலத்தையும் மனநலத்தையும் காப்பதில் நல்ல உறவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

- சம்பளம் வந்த வாரத்தில் அரை மணி நேரம் இருவரும் உட்காருங்கள். கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அன்றைக்குக் குற்றம் சொல்வதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

- கடன் கைமீறினால் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை அணுகுங்கள். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது, ஆலோசனை இலவசம். ஈப்போவிலும் கிளை உண்டு.

- உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானமுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும், அடமானமில்லாத கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி வாங்கக் கூடாது. மாதத்துக்கே 10 விழுக்காடு கேட்டால் விலகிவிடுங்கள்.

- கூட்டுப் பணம் கட்டுகிறீர்களா? கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முன்பின் தெரியாதவர் வாட்சாப்பில் நடத்தும் கூட்டில் சேராதீர்கள்.

- மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாரா? கணவர் தம் சந்தாவான 11 விழுக்காட்டில் 2 விழுக்காட்டை மனைவியின் சேமநிதிக் கணக்குக்கு மாற்ற ஐ-சாயாங் திட்டம் வழி செய்கிறது. தொகை சிறியதுதான். ஆனால், "உன் உழைப்புக்கும் கணக்கு இருக்கு" என்று சொல்ல அது ஒரு வழி.

கடைசியாக, பிறருக்குச் செலவழிப்பது பற்றி ஒரு சேதி. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிலருக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்து, அன்றைக்கே செலவழிக்கச் சொன்னார்கள். தமக்காகச் செலவழித்தவர்களைவிட, பிறருக்காகச் செலவழித்தவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

சம்பள உயர்வு கேட்க வேண்டிய இடத்தில் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்த உயர்வு வரும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த மாதக் கணக்கை உங்கள் துணையிடம் மறைக்காமல் காட்டுங்கள்.