மெட்ராஸ் பேரில் ஒரு நோய்

 

மெட்ராஸ் என்றால் நமக்கு மெரினா பீச்சும் சென்ட்ரல் ஸ்டேஷனும்தான் ஞாபகம் வரும். ஆனால் மெட்ராஸ் பேரில் ஒரு நோய் இருக்கிறது, தெரியுமா? அதன் பேர் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. எங்க பெரியம்மா பையனுக்கு வந்திருப்பது அதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மோட்டார் என்றதும் நான் கிணத்து மோட்டார் என்று நினைத்துவிட்டேன். அறிவியல் டீச்சர்தான் விளக்கினாங்க. நாம் கையைத் தூக்க நினைத்தால் மூளையிலிருந்து கட்டளை கிளம்பி, தண்டுவடம் வழியாகத் தசைக்குப் போகிறது. அதைக் கொண்டுபோகும் நரம்பு செல்தான் மோட்டார் நியூரான். அந்த செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தால் தசைக்குக் கட்டளை வராது. தசை மெலிந்துவிடும். கரண்டு ஒயர் அறுந்துபோனால் நல்ல மோட்டாரும் ஓடாதில்லையா, அதுமாதிரி. ஆனால் தொட்டால் தெரியும், சுட்டால் தெரியும். ஏனென்றால் உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்புகள் வேறு.

இந்த வகை நோய்களில் ஒன்றை பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஷார்கோ 1869-லேயே விளக்கினார். அது பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு வரும். பலர் சில வருஷங்களிலேயே இறந்துவிடுவார்கள். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதிலேயே வந்தும் அவர் 76 வயது வரை வாழ்ந்தது அபூர்வம்.

மெட்ராஸ் டாக்டர்கள் கவனித்தது வேறு மாதிரி. சின்ன வயசுப் பிள்ளைகளுக்குக் கைகால் மெலிந்திருந்தது. முகமும் நாக்கும் பலமிழந்து பேச்சு குழறியது. கூடவே பலருக்குக் காதும் கேட்கவில்லை. மற்ற மோட்டார் நியூரான் நோய்களில் காது பொதுவாகக் கெடுவதில்லை. டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இதை 1970-ல் எழுதி வெளியிட்டார்கள். ராமமூர்த்தி வேலை பார்த்த ஜெனரல் ஆஸ்பத்திரி நமக்கும் தெரிந்ததுதான். வேப்பம்பட்டில் லோக்கல் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. இப்போது அதன் பேர் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் டாக்டர் கௌரிதேவி 1988-ல் இதைப் பற்றி எழுதினார். அங்கேயே டாக்டர் நளினி குழுவினர், 1971 முதல் 2007 வரை வந்த 116 பேரின் விவரங்களைச் சேர்த்து 2008-ல் வெளியிட்டார்கள். கௌரிதேவி, நளினி இருவருமே பெண்கள் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. 36 வருஷத்தில் 116 பேர்தான் என்றால் எவ்வளவு அபூர்வமான நோய், பாருங்கள்! தென்னிந்தியாவில்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள். காரணம் இன்னும் முழுசாகத் தெரியவில்லை. குணமாக்கும் மருந்தும் இல்லை. ஆனால் இது மெதுவாகத்தான் வளரும், பல பேர் பல வருஷம் வாழ்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்த வரியைப் படிச்சுக் காட்டினப்போ பெரியம்மா அழுதுட்டாங்க.

அண்ணனுக்கு முதலில் சட்டை பட்டன் போட வரவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. "திமிரு புடிச்சவன்" என்று வீட்டிலேயே திட்டினோம். நானும்தான் திட்டினேன். தெருவில் சிலபேர் சாபம் என்றார்கள். ஒட்டிக்கும் என்று அவன் குடித்த டம்ளரைத் தனியாக வைத்தார்கள். சின்னப் பசங்க அவன் பேசுவது மாதிரியே பேசிக் காட்டுகிறார்கள்.

இது சாபமும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. அண்ணனுக்கு அறிவு அப்படியே இருக்கு. என் அல்ஜீப்ரா கணக்கில் தப்பு இருந்தால் இன்னிக்கும் விரலால் தொட்டுக் காட்டுவான்.

எனவே நண்பர்களே, அவனை ஸ்டேஷன் பக்கம் பார்த்தால் எதிரே நின்று, முகம் பார்த்து, மெதுவாகப் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் எழுதிக் காட்டுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரைக்கும் நில்லுங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி