இரத்த நாளத்தைத் தளர்த்தும் இயற்கை மருந்து

இங்கிலாந்தின் பெக்கன்ஹாமில் இருந்த வெல்கம் ஆய்வகத்தில், ஜான் வேன், சால்வடார் மொன்காடா குழுவினர் 1976-ல் ஒரு புதிய வேதிப்பொருளைக் கண்டறிந்தார்கள். இரத்த நாளத்தின் சுவரில் உருவாகும் அது, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுத்தது. நாளத்தையும் விரியச் செய்தது. அதுதான் புரோஸ்டாசைக்ளின்.

ஒரே பொருள் இரண்டு வேலைகளை எப்படிச் செய்கிறது? நாளச் சுவரின் தசைச் செல்லிலும் தட்டணுவிலும் அதற்கான ஒரே வகை ஏற்பி இருக்கிறது. புரோஸ்டாசைக்ளின் அதில் பொருந்தியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு பெருகுகிறது. தசை தளர்ந்து நாளம் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. தட்டணுவிலோ கால்சியம் அடங்கி, ஒட்டும் வேகம் குறைகிறது. தட்டணுக்கள் சுரக்கும் திராம்பாக்சேன் இதற்கு நேர் எதிர்: நாளத்தைச் சுருக்கும், தட்டணுக்களைத் திரட்டும். இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி சமநிலையில் இருப்பதே நலம்.

புரோஸ்டாசைக்ளினின் ஆயுள் சில நிமிடங்களே. தேவைப்பட்ட இடத்தில் உருவாகி அங்கேயே அழிவதால் உடலுக்கு அது நன்மை. மருந்தாகக் கொடுக்கும்போது அதுவே சிக்கல். நுரையீரல் தமனிகளில் அழுத்தம் ஏறி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும் நோய்க்கு, இதே பொருளை எப்போப்ரோஸ்டெனால் என்ற பெயரில் தருகிறார்கள். நெஞ்சுப் பகுதியில் பொருத்திய குழாய் வழியாகச் சிறிய பம்ப் ஒன்று இரவும் பகலும் மருந்தைச் செலுத்த வேண்டும். 1996-ல் வெளியான 12 வார ஆய்வில் 81 நோயாளிகள் பங்கேற்றார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 8 பேர் இறந்தார்கள். இந்த மருந்தையும் பெற்றவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

ஆனால் இரத்தத்தில் கலந்த மருந்து நுரையீரலோடு நிற்பதில்லை. உடல் முழுதும் நாளங்கள் விரிவதால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். தலைவலி, முகச்சிவப்பு, தாடை வலி வரலாம். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு அபாயம் கூடும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். மூச்சுடன் உள்ளிழுக்கும் ஐலோப்ரோஸ்ட், சுமார் 4 மணி நேர அரை ஆயுள் கொண்ட ட்ரெப்ரோஸ்டினில், அதே ஏற்பியைத் தூண்டும் செலெக்ஸிபேக் மாத்திரை ஆகியவை பின்னர் வந்தன.

இவை சாதாரண இரத்தக் கொதிப்புக்கான மருந்துகள் அல்ல. பம்ப் நின்றாலோ மருந்து தீர்ந்தாலோ நுரையீரல் அழுத்தம் சட்டென ஏறி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே மாற்று பம்ப், கூடுதல் மருந்து, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் ஆகிய மூன்றும் நோயாளியின் வீட்டில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தக் குடும்பத்தினருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.