நல்ல தண்ணி... உண்மையிலேயே நல்ல தண்ணிதானா? வீட்டிலேயே தெரிஞ்சுக்கலாம்!

பல்லடம் பக்கம் தண்ணீருக்கு ரெண்டு பேர். ஒண்ணு நல்ல தண்ணி, இன்னொண்ணு உப்புத் தண்ணி. பிரித்துச் சொல்வது நம் நாக்குதான். ஆனால், கிருமிக்கு ருசி கிடையாதே! டி.டி.எஸ் மீட்டரும் கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

அதற்குத்தான் ஹெச்2எஸ் பாட்டில். 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை இது. கோடு வரை தண்ணீர் பிடித்து, உள்ளே விரல் படாமல் மூடி, 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். தண்ணீர் கறுத்தால், மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பதறாதீங்க. கொதிக்க வைத்துக் குடியுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்யுங்கள்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு 5 பெண்களுக்கு இந்தப் பரிசோதனையில் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். குளோரின், ஃப்ளோரைடு, நைட்ரேட் அளவையும் கிட் மூலம் அவர்களே பார்க்கலாம்.

ஒரு விஷயம் முக்கியம். டேங்க்கில் மட்டும் சோதித்தால் போதாது. குழாயில் தண்ணீர் வராத நாள்களில், விரிசல் வழியே சாக்கடை உள்ளே கசியலாம். போகப் போக குளோரினும் குறையும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.

அடுத்த முறை கிட்டோடு வருபவர்களிடம் சொல்லுங்க... "அக்கா, தெருக்கோடி வீட்டுலயும் ஒரு பாட்டில் பிடிங்க!"