நம் சைக்கிள் வழி வரைபடத்தில் ஏறட்டும்

கெடா மாநிலத் தோட்டம் ஒன்றில் ஒரு பெரியவரிடம் கடைத்தெருவுக்கு வழி கேட்டுப் பாருங்கள். "மாரியம்மன் கோயிலைத் தாண்டி, பழைய ஆயாக் கொட்டகை ஓரமாகத் திரும்பி, வாய்க்கால் பாலம் ஏறினால் பெரிய சடக்கு வந்துவிடும்" என்பார். தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் சைக்கிள் மிதித்துப் போன வழி அது. ஆனால் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், அத்தகைய வழிகள் பலவற்றைக் காணோம். வெறும் பச்சை நிறந்தான் தெரிகிறது. அந்த வழியை நாமே பதிவு செய்து பிறருக்கும் பயன்படச் செய்வது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

இதற்கு உதவுவது ஜி.பி.எஸ். என்னும் அமைப்பு. அமெரிக்கா இதற்கான முதல் துணைக்கோளை 1978ஆம் ஆண்டு அனுப்பியது. 1995இல் அமைப்பு முழு அளவில் இயங்கத் தொடங்கியது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபத்துநான்குக்கு மேற்பட்ட துணைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் ரேடியோ அலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

மின்னல் வெட்டியபின் இடி கேட்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி, இடி விழுந்தது அருகிலா தொலைவிலா என்று நாம் கணிக்கிறோம் அல்லவா? கைப்பேசி செய்வதும் ஏறக்குறைய அதுதான். அலை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. இப்படிக் குறைந்தது நான்கு துணைக்கோள்களின் அலைகள் கிடைத்தால், நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அது நீக்கப்பட்டபின், திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இடத்தை அறிய முடிகிறது.

கைப்பேசி இந்த அலைகளை வாங்கிக்கொள்கிறதே தவிர, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. ஆகவே வழியைப் பதிவு செய்ய இணையத் தொடர்போ 'பிரிபெய்ட்' பணமோ வேண்டியதில்லை. பதிவுச் செயலியை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். புறப்படுமுன் திறந்த வானத்தின் கீழ் ஓரிரு நிமிடம் நின்று, பிறகு பதிவைத் தொடங்குங்கள். மழைக்காகக் கைப்பேசியை நெகிழிப் பையில் போட்டுக்கொள்ளலாம். செம்பனை அடர்ந்த இடத்தில் அலை தடைபடும். கோடு வளைந்து நெளிந்து விழும். இரண்டு மூன்று முறை அதே வழியில் போய்ப் பதிவு செய்தால் உண்மையான தடம் தெளிவாகும். ஓட்டம் முடிந்ததும் பதிவை நிறுத்த மறக்காதீர்கள். மறந்தால் பேருந்தில் போனதும் சைக்கிளில் போனதாகவே பதிவாகும்!

பதிவான தடத்தை ஒரு கோப்பாகச் சேமித்து, இணையம் கிடைக்கும்போது பகிரலாம். 2004இல் பிரிட்டனில் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் வரைபடத்தை உலகெங்கும் பொதுமக்களே வரைகிறார்கள். அதில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதலாம்.

இதனால் என்ன நன்மை என்று கேட்பீர்கள். பீடோங்கிலிருந்து மெர்போக் போனால், ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சி சாலை இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் 11 என்று எண்ணிடப்பட்டிருந்த பழங்கோயிலின் எச்சம், வீடமைப்புக்கு நிலம் திருத்தியபோது இடிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. ஆராய்ச்சியாளர் எண்ணிட்ட இடத்துக்கே இந்தக் கதி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடுகள் வரும் தோட்டங்களில், நம் லயமும் கோயிலும் குறுக்குவழியும் என்னாகும்? வரைபடத்தில் ஏறிவிட்டால் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "இங்கே ஒன்றும் இருக்கவில்லை" என்று பிறகு ஒருவர் சொல்வது கடினமாகும்.

அதே வேளையில் எச்சரிக்கையும் தேவை. 'ஸ்ட்ராவா' என்னும் உடற்பயிற்சிச் செயலி, தன் பயனர்களின் தடங்களையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் உலகப் படமாக வெளியிட்டது. வீரர்கள் ஓடிப் பழகிய கோடுகளால் இராணுவ முகாம்களின் இருப்பிடம் வெளிப்பட்டது, 2018 ஜனவரியில் பெரிய செய்தியாயிற்று. முகாமே வெளிப்படும் என்றால், நாள்தோறும் ஒரே நேரத்தில் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளையின் வீடு வெளிப்படாதா? ஆகவே வீட்டு வாசலில் பதிவைத் தொடங்காமல், கோயிலடியிலோ கடையடியிலோ தொடங்குங்கள். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் அன்றாடப் பள்ளி வழியைப் பகிரவே வேண்டாம். தோட்டத்துக்குள் பதிவு செய்யுமுன் நிர்வாகத்தின் அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேயர்களே, இடங்களின் பெயர்கள் பெரியவர்களிடம் இருக்கின்றன; கருவி இளையவர்களிடம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை தாத்தா பெயர் சொல்லட்டும், பேரப்பிள்ளை சைக்கிள் மிதிக்கட்டும். இருவரும் சேர்ந்தால்தான் நம் வழி வரைபடத்தில் ஏறும்.